வால்டன் ரோடு மாணவன்

பெயர்ப்பலகைகள் – தொடர்

பள்ளிகளுக்குப் பெரும்பாலும் பெரியவர்களின் பெயரைத்தான் வைப்பார்கள். நிலம் கொடுத்த வள்ளல், நாட்டை ஆண்ட தலைவர், ஊரே கும்பிடும் புனிதர். அந்தப் பெயருக்கு உரியவர் பள்ளியின் வாசற்படியை ஒரு நாளும் மிதித்திருக்க மாட்டார். ஆனால் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் 1929-ஆம் ஆண்டு வால்டன் ரோடு பள்ளிக்குக் ‘கார்ன்வெல் பள்ளி’ என்று பெயர் மாற்றியபோது, அந்தப் பெயருக்கு உரியவன் அங்கேயே படித்தவன். சாதாரண வீட்டுப் பிள்ளை. பதினான்கு வயதை ஒட்டிப் படிப்பை விட்டு வேலைக்குப் போனான். பதினாறு வயதில் இறந்தான். பெயர் மாற்றிய ஆண்டில் அவன் உயிரோடு இருந்திருந்தால் வயது இருபத்தொன்பதுதான் ஆகியிருக்கும்.

ஈஸ்ட் ஹாம் நமக்குத் தெரியாத ஊரல்ல. இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்கள் கடை வைத்து, குடும்பமாகி, கோயில் கட்டி வாழும் இடம். ஹை ஸ்ட்ரீட் நார்த் தெருவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். மேனர் பார்க் பக்கம் முருகன் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. அந்தக் கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஆல்வர்ஸ்டோன் ரோடு என்றொரு தெரு இருக்கிறது. அங்கேதான் கார்ன்வெல் குடும்பம் குடியிருந்தது. லண்டனுக்கு மகன் வீட்டுக்குப் போகும் நம் ஊர்ப் பெற்றோர் பலர், இந்தக் கதை தெரியாமலே அந்தப் பக்கம் நடந்திருப்பார்கள்.

ஜான் டிராவர்ஸ் கார்ன்வெல் பிறந்தது 1900 ஜனவரி 8, லேட்டன் என்ற இடத்தில். வீட்டிலும் வெளியிலும் ஜாக். அப்பா ஈலை பழைய ராணுவச் சிப்பாய். ராணுவத்தை விட்டபிறகு பால் விற்றார், டிராம் ஓட்டினார், கிடைத்த வேலையைச் செய்தார். அம்மா லில்லி. ஜாக் வால்டன் ரோடு பள்ளியில் படித்தான். சாரணர் படையில் சேர்ந்தான். படிப்பை விட்டதும் புரூக் பாண்ட் தேயிலைக் கம்பெனியின் வண்டியில் உதவிப் பையனாகப் போனான். வால்பாறை, நீலகிரிப் பக்கத்து வாசகர்களுக்கு அந்தக் கம்பெனியின் பெயரை நான் விளக்க வேண்டியதில்லை.

1914-இல் போர் தொடங்கியது. கடற்போர் என்றால் நமக்கு எம்டன்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டுவீசிக் கலங்கடித்த ஜெர்மன் கப்பல். நம் தாத்தா பாட்டிகள் பட்டணத்தை விட்டு ஓடிய கதையை அதை வைத்துத்தான் சொன்னார்கள். ஈஸ்ட் ஹாமில் அதே போர் வேறு முகம் காட்டியது. வயது கடந்துபோயிருந்தும் ஈலை மறுபடி ராணுவத்தில் சேர்ந்தார். அப்பாவைக் கேட்காமலே ஜாக் 1915-இல் கடற்படைக்கு விண்ணப்பித்தான். அந்தக் காலத்தில் சிறுவர்களைக் கடற்படையில் ‘பாய்’ என்ற பதவியிலேயே எடுத்துக்கொண்டார்கள். நற்சான்று வேண்டும். ஒன்றை முதலாளி எழுதித் தந்தார். இன்னொன்றை எழுதித் தந்தவர் அவனுடைய பழைய தலைமையாசிரியர்.

இந்தக் கடிதம்தான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது. பின்னாளில் அவன் பெயரைத் தாங்கிய அதே பள்ளிதான், இவன் நல்ல பையன், சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதியும் கொடுத்தது. அந்தத் தலைமையாசிரியர் மீது பழி போட எனக்கு மனம் வரவில்லை. வண்டிப் பையனாகக் காலம் தள்ள வேண்டிய ஓர் ஏழை மாணவனுக்குச் சீருடை, நிலையான சாப்பாடு, கற்றுக்கொள்ள ஒரு தொழில் என்றுதான் அவர் நினைத்திருப்பார். கிராமத்துப் பள்ளியில் ராணுவ ஆள்சேர்ப்புக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதும் நம் ஆசிரியர் எவரும் இதே நினைப்போடுதான் எழுதுகிறார். ஆனாலும் அந்தக் கடிதத்தை மறந்துவிட்டு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பிளிமத் அருகே கீயம் முகாமில் பயிற்சி. அங்கே பீரங்கியின் குறி அமைப்பவனாக அவனைத் தயார் செய்தார்கள். 1916 ஈஸ்டர் திங்களன்று ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகத்துக்குப் புறப்பட்டுப் போய் எச்.எம்.எஸ். செஸ்டர் கப்பலில் சேர்ந்தான். புத்தம்புதிய குரூசர் கப்பல் அது. கிரீஸ் நாட்டுக்காகக் கட்டத் தொடங்கி, போர் வந்ததும் பிரிட்டன் தனக்கே எடுத்துக்கொண்டது. மாலுமிகள் ஒருவரோடொருவர் சரியாகப் பழகியிருக்கக்கூட நேரமில்லை. ஜாக் கப்பலுக்கு வந்து சில வாரங்களுக்குள் ஜட்லாந்துப் போர் வந்துவிட்டது.

டென்மார்க்குக்கு மேற்கே வட கடலில், 1916 மே 31 மாலை. பிரிட்டனின் 151 கப்பல்கள், ஜெர்மனியின் 99. முதல் உலகப்போரின் மிகப்பெரிய கடற்போர். செஸ்டரின் வேலை, ரியர் அட்மிரல் ஹூட்டின் பெரிய கப்பல்களுக்கு முன்னால் போய் வேவு பார்ப்பது. ஐந்தரை மணி தாண்டியபோது பனிமூட்டத்துக்குள் பீரங்கி வெளிச்சம் தெரிந்தது. யார் என்று பார்க்கத் திரும்பிய செஸ்டருக்கு எதிரே நான்கு ஜெர்மன் குரூசர்கள் வந்து நின்றன. அடுத்த சில நிமிடங்களில் பதினேழு குண்டுகள் அதன்மேல் விழுந்தன.

ஜாக்கின் வேலை என்னவென்று இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் அவன் செய்தது புரியாது. கப்பலின் முன்பக்கத்தில் ஐந்தரை அங்குலப் பீரங்கி. அதன் ஒரு குண்டே 37 கிலோ எடை. ஒருவர் குண்டை எடுத்துக் கொடுக்க, ஒருவர் உள்ளே தள்ள, ஒருவர் குழாயை ஏற்றி இறக்க, ஒருவர் பக்கவாட்டில் திருப்ப என்று ஒரு குழுவே அதை இயக்கும். குறி அமைப்பவன் பீரங்கியின் பக்கத்தில் நிற்பான். காதில் கேட்புக்கருவி. மேலேயிருந்து அதிகாரி இலக்கின் தூரத்தைச் சொல்லச் சொல்ல, எண்கள் பொறித்த வட்டை அதற்கேற்பத் திருப்ப வேண்டும். அவன் சுடுவதில்லை. குண்டு தூக்குவதில்லை. கேட்பான், திருப்புவான், அடுத்த எண்ணுக்குக் காத்திருப்பான். அவன் தவறினால் மற்ற அத்தனை பேரின் உழைப்பும் கடலில் விழும்.

பீரங்கியின் முன்னால் ஒரு எஃகுக் கேடயம் இருந்தது. பின்பக்கம் திறந்தது. அதன் அடிவிளிம்பும் தளத்தைத் தொடவில்லை; கீழே இடைவெளி. குண்டுகள் தளத்தில் வெடித்தபோது எஃகுச் சிதறல்கள் அந்த இடைவெளி வழியாகப் பாய்ந்தன. செஸ்டரில் பலருக்கு முழங்காலுக்குக் கீழே கால்கள் போயின. கப்பலில் 29 பேர் இறந்தார்கள், 49 பேர் காயமடைந்தார்கள். ஒரு கேடயத்தை இன்னும் சற்று இறக்கிச் செய்திருந்தால் எத்தனை பேர் நடந்து வீடு போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது கோபம்தான் வருகிறது. வீரத்தைப் போற்றும் எந்த மேடையிலும் இந்தக் கேடயத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

ஜாக்கின் பீரங்கியைச் சுற்றி நின்றவர்கள் அனைவரும் செத்தோ காயமடைந்தோ விழுந்துவிட்டார்கள். அவன் மார்பிலும் எஃகுத் துண்டுகள் புகுந்திருந்தன. தூரத்தைச் சொன்னாலும் சுடுவதற்கு ஆளில்லை. ஒதுங்கிப் படுத்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் தன் இடத்திலேயே நின்றான். சண்டை முடிந்து மருத்துவ உதவியாளர்கள் மேலே வந்தபோதும், காதில் கருவியோடு, கட்டளையை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

அந்த நிற்றலை எத்தனை முறை யோசித்தாலும் என் மனம் கனிகிறது. அவன் யாரையும் கொன்றதற்காக அவனைப் போற்றவில்லை. கொடியை நட்டதற்காகவோ கோட்டையைப் பிடித்ததற்காகவோ அல்ல. ஒப்படைத்த இடத்தை விட்டு நகராததற்காக. ஒரு பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளிடம் கூச்சமில்லாமல் எடுத்துச் சொல்லக்கூடிய வீரம் இது. அதே நேரம், அப்படி நின்றவனுக்குப் பதினாறு வயதும் ஐந்து மாதமும் நிரம்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சேதமடைந்த செஸ்டர் இங்கிலாந்தின் கிழக்குக் கரையை அடைந்தது. ஜாக்கை கிரிம்ஸ்பி நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவுக்குச் செய்தி போய், அவர் புறப்பட்டு வந்தார். வந்து சேர்வதற்குள், ஜூன் 2 காலையில், மகன் இறந்துவிட்டான்.

உடலைக் குடும்பத்தார் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தனிக் கல்லறைக்குப் பணமில்லை. மேனர் பார்க் இடுகாட்டில், பலரைச் சேர்த்துப் புதைக்கும் பொதுக் குழியில் அடக்கம் நடந்தது. அந்த ஜூன் மாதத்தில் அவன் ஒரு வீரனென்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஜட்லாந்தில் செத்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் மாலுமிகளில் அவன் ஒருவன்.

ஜூலையில் அட்மிரல் பீட்டியின் போர் அறிக்கை வெளியானது. அதில் செஸ்டர் தலைவர் லாசன் சொன்னதை மேற்கோள் காட்டி, இந்தச் சிறுவனுக்குத் தனிச் சிறப்பு செய்ய வேண்டும் என்று அவர் பரிந்துரைத்திருந்தார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. நாட்டின் நாயகன் ஏழைகளின் குழியில் கிடப்பதா என்று எழுதின. அது எந்த மாதம் என்பதை மறக்கக்கூடாது. ஜூலை 1 அன்று பிரான்சில் சோம் நதிக்கரைப் போர் தொடங்கி, முதல் நாளிலேயே பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். தந்திகள் தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தன. எண்ணிக்கைக்கு அழ முடியாத ஒரு நாட்டுக்கு அழுவதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அரசுக்கோ, இன்னும் ஆட்களை அனுப்பச் சொல்ல ஒரு முகம் தேவைப்பட்டது. இரண்டுக்கும் ஜாக்கின் முகமே கிடைத்தது.

உடலைத் தோண்டி எடுத்தார்கள். ஜூலை 29 அன்று பீரங்கி வண்டியில் வைத்து, கடற்படை மரியாதையோடு, ஈஸ்ட் ஹாம் வீதிகளில் கொண்டுபோனார்கள். செஸ்டர் கப்பலின் சிறுவர்கள் மலர்வளையம் ஏந்தி வந்தார்கள். சாரணர்கள் நடந்தார்கள். கல்லறை அருகே உரையாற்றிய டாக்டர் மக்னமாரா கடற்படைத் துறையில் பொறுப்பு வகித்த அரசியல்வாதி. முன்னாளில் பள்ளி ஆசிரியர், ஆசிரியர் சங்கத் தலைவராகவும் இருந்தவர். ஒரு ஆசிரியர் அனுப்பிவைத்த பையனை இன்னொரு ஆசிரியர் வழியனுப்பினார்.

செப்டம்பர் 15 அன்று விக்டோரியா கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. அந்த விருதைப் பெற்றவர்களில் மூன்றாவது இளையவன் அவன். நவம்பரில் பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதை அம்மாவின் கையில் கொடுத்தார். அதற்கு மூன்று வாரம் முன்புதான், அக்டோபர் 25 அன்று, உள்நாட்டுக் காவல் பணியிலிருந்த ஈலை நோயில் இறந்திருந்தார். மகனை வைத்த அதே குழியில் அப்பாவையும் வைத்தார்கள். பதக்கம் வாங்கப் போன நாளில் லில்லி கார்ன்வெல் ஒரு விதவை.

பள்ளிகள் இந்தக் கதைக்குள் முழுமையாக வந்தது இந்த இடத்தில்தான். அந்தச் செப்டம்பரில் ‘ஜாக் கார்ன்வெல் நாள்’ கொண்டாடினார்கள். வகுப்பு வகுப்பாக அவன் கதையைச் சொன்னார்கள். அவன் படம் போட்ட சிறிய முத்திரையைப் பிள்ளைகள் ஒரு பென்னி கொடுத்து வாங்கினார்கள். சேர்ந்த பணம், போரில் ஊனமுற்ற மாலுமிகளுக்கு ரிச்மண்டின் ‘ஸ்டார் அண்டு கார்ட்டர்’ இல்லத்தில் வசதி செய்யப் போனது. பிராங்க் சாலிஸ்பரி என்ற ஓவியர் பீரங்கி அருகே அவன் நிற்பதைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். ஜாக் இல்லாததால் தம்பி எர்னஸ்ட்தான் அவனுக்குப் பதிலாக நின்றான். அதன் அச்சுப் பிரதிகள் பள்ளிச் சுவர்களில் தொங்கின. சாரணர் இயக்கம் அவன் பெயரில் ஒரு பதக்கத்தையே உண்டாக்கியது. ஈஸ்ட் ஹாம் பள்ளிகளின் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து கல்லறைக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். கல்லிலேயே அதைப் பொறித்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசிச் செயல்தான் எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுகிறது. நாடு தழுவிய நாளுக்கும் முத்திரைக்கும் பின்னால் பெரியவர்களின் கணக்கு இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் பிரிட்டன் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்திருந்தது. வகுப்பறையில் ஜாக்கின் படத்தைப் பார்த்த பத்து வயதுப் பையனுக்கு அது என்ன சொல்லும் என்று மேலிடத்தார் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆனால் ஈஸ்ட் ஹாம் பிள்ளைகளுக்கு அவன் சுவரொட்டி நாயகன் அல்ல. பக்கத்துத் தெருப் பையன். தேயிலை வண்டியில் வந்தவன். அண்ணன்மாரோடு விளையாடியவன். அவனுக்குக் கல் வைக்க அவர்களை யாரும் தூண்டிவிட்டிருக்கத் தேவையில்லை. 1929-இல் பள்ளிக்கு அவன் பெயரை வைத்ததையும் நான் இந்த அன்பின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். போர் முடிந்து பதினோரு ஆண்டுகள். சேர்க்க வேண்டிய ஆள் யாருமில்லை, திரட்ட வேண்டிய பென்னியும் இல்லை. அப்போதும் ஊர் அவனை மறக்கவில்லை.

அம்மாவுக்கு என்ன கிடைத்தது? நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் அவர் மகனுக்காகக் காசு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர் குடும்பத்தைக் காப்பாற்ற ஸ்டெப்னியில் மாலுமிகள் தங்கும் விடுதியொன்றில் வேலை பார்த்தார். 1918 ஆகஸ்டில், ஈலையின் முதல் மனைவியின் மகன் ஆர்தர் பிரான்சில் போரில் இறந்தான். 1919-இல் லில்லி கார்ன்வெல் நாற்பத்தெட்டு வயதில் வறுமையிலேயே இறந்தார். மூன்றே ஆண்டுகளில் ஒரு குடும்பம் மகன், அப்பா, இன்னொரு மகன், அம்மா என்று கரைந்துபோனது. பள்ளியின் பெயரைச் சொல்லித் தரும்போது இதைச் சொல்லாமல் விட்டால், நாம் பிள்ளைகளுக்குப் பாதிக் கதையைத்தான் கொடுக்கிறோம்.

வீரர்களின் பெயர் தாங்கிய பள்ளிகள் நம் நாட்டிலும் பெருகி வருகின்றன. அது நல்லதென்றே நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாள் மாலை போட்டு, ஒரு பேச்சுப் போட்டி வைத்து, பரிசு கொடுத்து முடித்துவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மாலையிட்டுக் கைதட்டும் அந்த அரைமணி நேரத்தில் வீரன் ஒரு படமாகிவிடுகிறான். அவன் எந்த வகுப்பில் எப்படிப் படித்தான், வீட்டில் என்ன கஷ்டம், ஏன் போனான், யார் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள், அவன் போன பிறகு வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று மாணவர்கள் கேட்க வேண்டும்; ஆசிரியர்கள் தேடிப்பிடித்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பம் உயிரோடிருந்தால் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்தாமல், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பள்ளி ஏற்கட்டும். கார்ன்வெல்லின் தம்பிக்குச் சட்டையை மாட்டி ஓவியனுக்கு முன்னால் நிறுத்தியவர்கள், அவன் தாயைக் கவனித்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

ஜாக் நின்ற அந்தப் பீரங்கி இன்று லண்டனில் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது. நேரில் பார்க்கும் எவருக்கும் கண்ணில் முதலில் படவேண்டியது அந்தக் கேடயம்தான். அதன் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் நடுவே உள்ள வெளி. விக்டோரியா கிராஸ் பதக்கத்தை 1968-இல் அவனுடைய சகோதரி அந்த அருங்காட்சியகத்துக்கே இரவலாகக் கொடுத்தார். 2006-இல் பிரிட்டன் அஞ்சல்துறை விக்டோரியா கிராஸ் வீரர்களுக்கு வெளியிட்ட தபால்தலை வரிசையில், இரண்டாம் உலகப்போரில் அதைப் பெற்ற கூர்க்கா வீரர் அகன்சிங் ராயோடு, ஜாக்கும் இடம்பெற்றான். கனடாவின் ராக்கி மலைத்தொடரில் ஒரு சிகரத்துக்கு அவன் பெயர்.

மேனர் பார்க்கில் ‘ஜாக் கார்ன்வெல் ஸ்ட்ரீட்’ என்றொரு தெருவும் அவன் பெயரிலேயே ஒரு சமூகக்கூடமும் உண்டு. இன்று அந்தத் தெருக்களில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் தமிழ், வங்காளம், பஞ்சாபி, சோமாலி பேசும் வீடுகளிலிருந்து வருபவர்கள் ஏராளம். அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் இதே போரில் இதே சாம்ராஜ்யத்துக்காகப் பிரான்சுக்கும் மெசபடோமியாவுக்கும் போனவர்களாக இருக்கலாம். ஜாக்கின் கதையைக் கேட்க அவர்களுக்கும் முழு உரிமை உண்டு. சொல்ல வேண்டிய கடமை அங்குள்ள பள்ளிகளுக்கு உண்டு. அங்கே வாழும் நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பிள்ளைகளை மேனர் பார்க் இடுகாட்டுக்கு அழைத்துப் போய், அந்தக் கல்லை யார் வைத்தார்கள் என்று வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் லக்னோ. நாட்டின் முதல் சைனிக் பள்ளி, தன் பழைய மாணவன், கார்கில் போரில் 1999 ஜூலை 3 அன்று உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்ற கேப்டன் மனோஜ் குமார் பாண்டேயின் பெயரை ஏற்ற கதை.

(தொடரும்)